கேமரா பார்க்கும் வரைக்கும்தான் அது ரோபோ

1985-ல் வந்த 'ரிட்டர்ன் டு ஓஸ்' படத்தில் டிக்-டாக் என்று ஒரு ரோபோ வரும். உருண்டையான செம்பு நிற வயிறு, குட்டைக் கால்கள், சாவி கொடுத்தால் நடக்கும். அந்த வயிறும் காலும் இருக்கிற அளவைப் பார்த்தால் உள்ளே ஓர் ஆள் இருக்க முடியும் என்றே தோன்றாது. ஆனால் இருந்தார். மைக்கேல் சண்டின் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் இடுப்பை மடித்து, தலையை இரண்டு கால்களுக்கும் நடுவில் தொங்கவிட்டபடி அந்த உருண்டைக்குள் அடங்கியிருந்தார். நடந்ததெல்லாம் பின்னோக்கித்தான். எங்கே போகிறோம் என்று தெரிவதற்கு உள்ளே ஒரு சின்ன டிவி. ரோபோவின் தலையை வெளியே நின்ற இன்னொருவர் ரிமோட்டில் அசைத்தார். குரல் மூன்றாவது ஆளுடையது.

மூன்று பேர் சேர்ந்து ஒரு ரோபோ. இதில் எந்த இடத்திலும் 'ரோபோ தொழில்நுட்பம்' என்று ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு மூளை கிடையாது, சென்சார் கிடையாது, தானாக ஒரு அடி எடுத்து வைக்கத் தெரியாது. ஆனாலும் திரையில் பார்க்கும்போது அது நடக்கிறது, யோசிக்கிறது, சாவி தீர்ந்து நின்றுபோனால் நமக்குப் பாவமாக இருக்கிறது.

கணினி கிராஃபிக்ஸில் பின்னால் சேர்க்காமல், கேமராவுக்கு முன்னாலேயே பொருளாகச் செய்து வைத்துப் படம்பிடிப்பதைத்தான் சினிமாக்காரர்கள் ப்ராக்டிகல் எஃபெக்ட்ஸ் என்கிறார்கள். மழை, வெடிப்பு, அரக்கன், ரோபோ எல்லாம் இதில் அடங்கும். கிராஃபிக்ஸ் இவ்வளவு மலிந்த பிறகும் இதை ஏன் விடவில்லை என்றால், காரணம் எளிது. நிஜமான பொருள் மேல் நிஜமான வெளிச்சம் விழுகிறது. எதிரே நிற்கும் நடிகருக்குப் பார்ப்பதற்கு ஒரு முகம் கிடைக்கிறது. 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தின் டார்ஸ் ரோபோவை, ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள அந்தப் பலகைக் கூட்டத்தை, பில் இர்வின் என்ற நடிகர் பின்னால் நின்று தள்ளியும் தூக்கியும் நடக்க வைத்தார். வசனத்தையும் அவரே பேசினார். பிறகு அவர் உருவத்தை மட்டும் கணினியில் அழித்தார்கள். ரோபோவை வரைவதைவிட ஆளை அழிப்பது மேல் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

முதலில் ஷாட், அப்புறம்தான் மோட்டார்

சினிமாவுக்கு ரோபோ செய்யப் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. எந்த மோட்டார் வாங்குவது, அதை இயக்க எந்த எலக்ட்ரானிக் போர்டு வாங்குவது என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். மூன்று மாதம் கழித்து, எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் அசைகிற, எதையும் உருப்படியாகச் செய்யாத ஒரு பெட்டி மேசைமேல் உட்கார்ந்திருக்கும்.

கதையிலிருந்து ஆரம்பியுங்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பொருள்கள் போட்டுவைத்த ஓர் அறை. அலமாரியில் ஒரு சின்ன ரோபோ, முழங்கால் உயரம், பல வருடமாக யாரும் தொடவில்லை. ஒரு சிறுமி உள்ளே வருகிறாள். ரோபோ மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறது. கீழே கிடக்கும் ஒரு போல்ட்டை எடுத்து அவளிடம் நீட்டுகிறது. அவ்வளவுதான் காட்சி.

இதைப் படிக்கிற பொறியாளர் மனதில் தலை, கண், தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் என்று மோட்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். படம் எடுக்கிறவர் வேறு மாதிரி எண்ணுவார். முதல் ஷாட் தூரத்திலிருந்து. ரோபோ அசையவே இல்லை. அட்டையும் ஃபோமும் போதும். இரண்டாவது ஷாட் தலைக்கு க்ளோஸ்-அப். இங்கே தலையும் கண்ணும் நன்றாக அசைய வேண்டும், கழுத்துக்குக் கீழே ஒன்றும் தேவையில்லை. மூன்றாவது ஷாட் கை மட்டும். அலமாரிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, உலோக நிறம் பூசிய கையுறை போட்ட தன் சொந்தக் கையை நீட்டி போல்ட்டை எடுத்துவிடலாம். விரல் மெலிந்த ஆளாகப் பார்த்துக்கொண்டால் சரி.

ஆக, ஒரே ரோபோ மூன்று தனித்தனிப் பொருள்களாகிவிட்டது. பெரிய படங்களிலும் இதே வழக்கம்தான். 2015-ல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் அறிமுகமான பிபி-8 என்ற உருளும் பந்து ரோபோவுக்குப் படப்பிடிப்பில் பல பிரதிகள் இருந்தன. நடிப்பு தேவைப்பட்ட இடங்களுக்குக் கம்பி வைத்துப் பொம்மலாட்டக்காரர்கள் இயக்கிய ஒன்று, கீழே விழாமல் ஓடுவதற்குச் சிறு சக்கரங்கள் வைத்த ஒன்று, நடிகர்கள் கையில் தூக்கிக்கொண்டு போக எடை குறைந்த ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பந்து செய்ய வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. கேமராவுக்குத் தெரியாத பக்கம் திறந்தே கிடக்கலாம். ஒயர் தொங்கலாம், கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கலாம்.

உருவம்

படம் வரைந்ததும் அதைக் கறுப்பு மையால் முழுக்க நிரப்பிப் பாருங்கள். நிழலாக மட்டும் பார்க்கும்போதும் அது யாரென்று தெரிகிறதா? தெரிந்தால் உருவம் பாதி வெற்றி. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வந்த ஆர்2-டி2 ரோபோவை ஒரு குழந்தைகூட நாலு கோட்டில் வரைந்துவிடும்: உருளை, மேலே அரைக்கோளம், பக்கத்துக்கு ஒரு கால்.

உள்ளே ஆள் இருக்கப் போகிறாரா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். மனித உடலை நம் கண் சட்டென்று கண்டுபிடித்துவிடும். முழங்கால் எங்கே மடிகிறது, தோளுக்கு மேல் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே 'இது வேஷம்' என்று சொல்லிவிடும். அதனால் அந்த அளவுகளைக் குலைப்பதுதான் வித்தை. 1972-ல் வந்த 'சைலன்ட் ரன்னிங்' படத்தில் மூன்று சிறு ரோபோக்கள் வாத்துபோல நடந்துபோகும். இரண்டு கால்களும் இல்லாத நடிகர்கள் அவற்றுக்குள் இருந்து கைகளால் நடந்தார்கள். ரோபோவின் கால்களாகத் தெரிந்தவை அவர்களுடைய கைகள். மனித அளவுகளோடு எதுவும் பொருந்தாததால் உள்ளே ஓர் ஆள் என்ற எண்ணமே எழவில்லை. முகம் என்று சொல்லவும் அவற்றுக்கு ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் அவை சீட்டு விளையாடும் காட்சியில் குறும்பு தெரியும்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனித முகத்துக்கு நெருங்கிப் போகப் போக ரோபோ அழகாகும் என்று நினைக்க வேண்டாம். 1970-ல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் இதைப் பற்றி எழுதினார். ஓரளவு வரை சாயல் கூடக்கூடப் பிடித்துப்போகிறது; கிட்டத்தட்ட மனிதன்தான் என்ற இடத்துக்கு வந்ததும் திடீரென்று அருவருப்பு தட்டுகிறது. பயமுறுத்துகிற ரோபோ வேண்டுமென்றால் அந்த அருவருப்புப் பள்ளத்தில் தாராளமாக இறங்கலாம். இல்லையென்றால் இரண்டு கண், ஒரு கழுத்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாய்கூட அவசியமில்லை. 1956-ல் 'ஃபர்பிடன் பிளானட்' படத்தில் வந்த ராபி ரோபோ பேசும்போது வாய்க்குப் பதில் முகத்தில் நியான் குழாய்கள் மின்னும். யாரும் குறை சொன்னதில்லை.

உலோகம் மாதிரி இருந்தால் போதும்

1927-ன் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் வரும் பெண் ரோபோதான் திரை ரோபோக்களின் பாட்டி. பளபளக்கும் உலோகம் என்று தோன்றும். அதைச் செய்த சிற்பி வால்டர் ஷூல்ஸே-மிட்டென்டோர்ஃப் பயன்படுத்தியது ஈரமாக இருக்கும்போது களிமண்போல வளைந்து, காய்ந்தால் இறுகுகிற ஒருவகை மரப் பசை. நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலை வார்ப்பெடுத்து, அதன்மேல் இந்தப் பசையைத் தகடுகளாகத் தட்டிப் பொருத்தி, மேலே உலோக வண்ணம் அடித்தார். கிட்டத்தட்ட 100 வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாரும் ஒரு முழு ரோபோவை இரும்பில் அடிப்பதில்லை, எடை தாங்காது.

உள்ளே அலுமினியம் அல்லது பி.வி.சி. குழாயில் எலும்புக்கூடு, வெளியே தோல். தோலுக்கு ஃபோம் ஷீட் மலிவு, சூடுகாட்டினால் வளையும், விழுந்தாலும் உடையாது. வழவழப்பான வளைவு வேண்டுமானால் களிமண்ணில் செதுக்கி, அச்செடுத்து, ஃபைபர் கிளாஸில் வார்க்கலாம். 3டி பிரிண்டர் இருந்தால் அதிலும் அடிக்கலாம். ஆனால் அச்சிட்ட வரிகளைத் தேய்த்து மறைக்கப் பொறுமை வேண்டும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அப்புறம் பழைய சாமான். கேமரா லென்ஸ், பிரஷர் மீட்டர், தையல் மெஷின் பாகம், பிளாஸ்டிக் டாங்கி பொம்மையின் துண்டுகள் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். 1980-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஐஜி-88 என்ற ரோபோவின் தலை, ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜினின் எரிப்பு அறைப் பாகம். ஒரு காரணத்துக்காக யாரோ செய்த பொருளில் ஓட்டையும் வளைவும் தற்செயலாக இருக்காது. பார்க்கிறவருக்கு அந்தக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ காரணம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நாமாகவே கற்பனை செய்து ஒட்டிய பொத்தான்களில் அது வருவதில்லை.

கழுத்து

உங்கள் பணத்திலும் நேரத்திலும் பாதியைக் கழுத்துக்கும் கண்ணுக்கும் ஒதுக்குங்கள் என்பேன். நடிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நான் முதன்முதலில் செய்த தலை வார்ப்பெல்லாம் அழகாகத்தான் வந்தது. பொருத்தி ஸ்விட்சைப் போட்டதும் 'ஞொய்ய்' என்று ஒரு முனகல். தலை மெல்லக் குனிந்தது, குனிந்தது, மோவாய் மார்பில் இடித்து அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் சூடாகி வாசனை வந்தபிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கணக்கு சின்னதுதான். ரிமோட் பொம்மைகளில் வரும் சர்வோ மோட்டார் சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். அதன் பலத்தைக் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள். தலை 600 கிராம், அதன் எடைமையம் கழுத்து அச்சிலிருந்து 5 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றால், தலையைப் பிடித்து நிறுத்தவே 0.6 × 5 = 3 கிலோ-செ.மீ. வேண்டும். நான் போட்டிருந்த 9 கிராம் எடைகொண்ட குட்டி சர்வோவின் பலம் 2-ஐக்கூடத் தொடாது. பிடித்து நிறுத்துவது மட்டும் போதாது, அசைக்கவும் வேண்டும். அதனால் கணக்கில் வருவதைப்போல மூன்று மடங்கு பலமுள்ளதை வாங்குவது நல்லது.

ஆனால் பெரிய மோட்டாருக்கு ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது. தலையின் பின்பக்கம் உள்ளே கொஞ்சம் எடையை ஒட்டி, எடைமையத்தை அச்சுக்கு நேராகக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு விரலால் தள்ளினால் தலை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தராசுபோல நின்றுவிட்டால் மோட்டாருக்கு வேலையே இல்லை, சத்தமும் குறைந்துவிடும்.

மோட்டாரே வேண்டாமென்றாலும் வழி இருக்கிறது. சைக்கிள் பிரேக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுறை அசையாமல் இருக்க, உள்ளே இருக்கும் கம்பி இழுபடுகிறது. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தால் தலை திரும்பும். விலை குறைவு, பேட்டரி வேண்டாம், நடு டேக்கில் சிக்னல் போகாது. ரிமோட்டில் ஓடிய ஆர்2-டி2 துனிசியப் பாலைவனத்தில் சொன்ன பேச்சைக் கேட்காமல் படுத்திய பாடு பிரபலம். கையால் இழுக்கும்போது இழுக்கிறவரின் தயக்கம், அவசரம் எல்லாம் கம்பி வழியே ரோபோவுக்குப் போய்ச் சேரும். மோட்டாரில் அது கிடைக்க ஜாய்ஸ்டிக்கை ஒருவர் நேரடியாக இயக்க வேண்டும், முன்கூட்டியே கோணங்களை எழுதிவைத்தால் பெரும்பாலும் செத்துப்போய்த்தான் இருக்கும்.

சரி, அந்தச் சிறுமியை ரோபோ பார்க்கிற ஷாட்டுக்கு வருவோம். சர்வோவுக்கு 'இடமிருந்து வலம் 40 டிகிரி' என்று கட்டளை கொடுத்தால் முழு வேகத்தில் ஓடிச் சடாரென்று நிற்கும். நாம் அப்படித் திரும்புவதில்லை. யாரோ வரும் சத்தம் கேட்டால் முதலில் கண் போகிறது. மூன்று நான்கு ஃபிரேம் கழித்துத் தலை கிளம்புகிறது. மெல்ல ஆரம்பித்து, நடுவில் வேகம் எடுத்து, மெல்ல நிற்கிறது. நிற்க வேண்டிய இடத்தை ஒரு டிகிரி தாண்டிப்போய்த் திரும்பி வந்தால் இன்னும் நல்லது. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். இந்தத் திருப்பம் முழுவதற்கும் 15 ஃபிரேம், அதாவது முக்கால் நொடிக்கும் குறைவு. பிறகு ஒரு முழு நொடி எதுவும் செய்யாமல் இருக்கட்டும். அதற்கப்புறம் தலையைக் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்த்தால், பார்க்கிறவர்கள் எல்லாரும் 'அவள் யாரென்று அது யோசிக்கிறது' என்பார்கள். அதுவோ ஒன்றையும் யோசிக்கவில்லை. அந்த ஒரு நொடியில் யோசித்தது அவர்கள்தான்.

கண்ணுக்குள் வெளிச்சம் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்இடியின் பிரகாசத்தைக் குறைக்க போர்டுகள் அதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் கோடு கோடாக ஓடும், இல்லை துடிக்கும். மின்னோட்டத்தையே குறைத்து மங்கலாக்குங்கள், அல்லது அணைத்தெரியும் வேகத்தைப் பல ஆயிரமாக உயர்த்துங்கள். விளக்கைவிட எனக்குப் பிடித்தது, கறுப்புக் கிண்ணத்துக்குள் ஆழத்தில் வைத்த வளைந்த கண்ணாடி லென்ஸ். ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு புள்ளியாக விழுந்து, தலை திரும்பும்போது நகரும். அந்தப் புள்ளி போதும்.

அழுக்கு

புதிதாக வண்ணம் அடித்த ரோபோ பொம்மைக் கடையிலிருந்து வந்ததுபோல இருக்கும். அதை அழுக்காக்குவது தனிக் கலை. எல்லா இடத்திலும் சமமாகக் கறுப்பைத் தடவிவிட்டால் அழுக்குத் தெரியும், வயது தெரியாது. இந்த ரோபோ எங்கே இருந்தது என்று கேளுங்கள். அலமாரியில் உட்கார்ந்திருந்தது, ஆகவே தூசி மேல்பார்த்த பரப்புகளில் மட்டும் படிந்திருக்கும், மோவாய்க்குக் கீழே சுத்தமாக இருக்கும். முன்பு யாரோ அதைத் தோளைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் வண்ணம் தேய்ந்து அடியிலிருக்கும் வெள்ளி நிறம் தெரியும். மூட்டுக்குக் கீழே எண்ணெய் வழிந்த கோடு. மடிப்புகளில் கறுப்பு. நீர்த்த பழுப்பு நிறத்தைப் பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் தங்கிவிடும். விளிம்புகளுக்கு, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷில் கொஞ்சம் வெள்ளி வண்ணம் எடுத்து மேலோட்டமாக இழுங்கள். பென்சில் தூளை விரலில் தொட்டுத் தேய்த்தாலும் அசல் இரும்பு தோற்றுப்போகும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பளபளப்பான உடலில் கேமரா, விளக்கு, டீ குடித்துக்கொண்டு நிற்கும் உதவி இயக்குநர் எல்லாரும் பிரதிபலிப்பார்கள். அழுக்கு அவர்களை மறைத்துவிடும்.

ஆள் உள்ளே இருந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவசத்துக்குள் காற்று ஓடாது. 1987-ல் 'ரோபோகாப்' எடுத்தபோது உடைக்குள் வியர்த்தே நடிகர் பீட்டர் வெல்லரின் எடை இறங்கியது; பிறகு உடைக்குக் குளிரூட்டி வைத்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தங்கநிற ரோபோ சி-3பிஓ-வின் உடையை முதல்நாள் படப்பிடிப்பில் அணிந்த ஆன்டனி டேனியல்ஸுக்குக் கால் பகுதி உடைந்து பாதத்தில் குத்தியது. எனவே உள்விளிம்புகளை மழுங்கத் தேய்த்து ஃபோம் ஒட்டுங்கள். வேறு யார் துணையும் இல்லாமல் சில நொடிகளில் தலையைக் கழற்ற முடிய வேண்டும். லித்தியம் பேட்டரியை உடம்போடு ஒட்டி, எட்டாத இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வோ முனகினாலும் கேபிள் கிரீச்சிட்டாலும் அதையெல்லாம் டப்பிங்கில் மாற்றிவிடலாம். ஆர்2-டி2-வின் 'பேச்சு', ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் தன் சொந்தக் குரலையும் ஒரு சின்தசைசரையும் கலந்து பின்னால் உருவாக்கியது.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஒரு சோதனை. ஷாட் எந்த உயரத்திலிருந்து வருமோ அங்கே போனை வைத்து, நொடிக்கு 24 ஃபிரேமில் தலை திரும்புவதை மட்டும் எடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, ரோபோவை இதுவரை பார்க்காத ஒருவரிடம் காட்டி, 'அது எதைப் பார்க்கிறது?' என்று கேளுங்கள். 'தலை நல்லா திரும்புது' என்றார் என்றால் கழுத்துக்குத் திரும்பிப் போங்கள். 'கதவுப் பக்கம் யாரோ நிக்கிறாங்க போல' என்றால் எலும்புக்கூட்டின் ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.